சனிக்கிழமை வாங்காத உளி

உளியின் வாயில் ஊதிப் பார்க்கிறாள் மாயக்காள். ஊதின ஆவி ஓரத்தில் ஒரே சீராகக் கலைய வேண்டும். திட்டுத்திட்டாகக் கலைந்தால் அந்த உளி மறுபடியும் கடைக்காரன் சாக்கின்மேல் போய் விழும். அடுத்த சோதனை காதுக்கு. ஒரு ஆணியால் உளியின் முதுகில் தட்டிக் கண்ணை மூடிக் கேட்பாள். "இது இருமுதுய்யா, சளி புடிச்சிருக்கு" என்று ஒன்றைத் தள்ளுவாள். "இது பேசுது" என்று ஒன்றை ஒதுக்குவாள். கடைசியில் கூடையிலிருந்து ஒரு கருவேலங்கட்டை வெளியே வரும். காய்ந்து கல்லாகிப்போன கட்டை. அதன் கணுவில் வைத்து ஒரே போடு. வாய் மடங்கினாலும் போச்சு, தெறித்தாலும் போச்சு. கணுவைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற உளிதான் காமயகவுண்டன்பட்டியில் அவள் வீட்டு வாசலை மிதிக்கும்.

கம்பத்துச் சந்தையில் இரும்புச் சாமான் விரிப்பவர்களுக்கு இது தெரியும். அவள் காதுப் பாம்படம் தூரத்தில் ஆடுவது கண்ணில் பட்டதுமே, பளபளப்பான சரக்கையெல்லாம் சாக்கை இழுத்து மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் பேசுவாள். "மூஞ்சி கழுவிப் பொட்டு வச்சு ஒக்காத்தி வச்சிருக்க உளிய எவன் கட்டுவான்? எனக்கு ஒழைக்கிற உளி காட்டுய்யா."

சீமை முத்திரை குத்திய சாமானென்றால் அவளுக்கு இன்னும் இளக்காரம். "முத்திரைக்கு ஒரு வெல, இரும்புக்கு ஒரு வெல. முத்திரையக் கழிச்சுட்டு மிச்சத்தச் சொல்லு" என்பாள். பிடி போட்ட சாமான் வாங்கவே மாட்டாள். பிடிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பிடி இல்லாத வெறும் இரும்பாக வாங்கிப்போய் வீட்டில் புளியங்கொம்பு செதுக்கிப் போட்டுக்கொள்வாள். ஒரு வண்டி வைத்திருக்கிற வீட்டுக்கு உளி, மரம் செதுக்க வாச்சி, சுத்தியல், அரம் இவ்வளவுதான் வேண்டும் என்பது அவள் கணக்கு. அதற்கு மேல் வாங்குகிறவன் வண்டி ஓட்டவில்லை, கடை வைக்கப்போகிறான்.

இந்தப் பெருமையெல்லாம் சும்மா வந்ததல்ல. புல்லுக்கட்டுச் சுமந்து சொந்த வண்டி வரைக்கும் ஏறி வந்தவள் அவள். மலைமேல் ஆற்றை மறித்து அணை கட்டத் தொடங்கியதிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாடுகூடச் சும்மா படுத்திருப்பதில்லை. சுண்ணாம்பும் அரிசியும் இரும்பும் இரவு பகலாக மலையேறுகின்றன. ஆசாரிமாரெல்லாம் கூலி அதிகமென்று மேலே போய்விட்டார்கள். கீழே ஒரு வண்டிக்கு நோவு வந்தால் வீட்டுக்காரனே வைத்தியம் பார்த்தால்தான் உண்டு. மாயக்காளின் புருஷன் ஒச்சாண்டிக்கு மரவேலையில் நல்ல கை. ஆனால் சாமான் பொறுக்கத் தெரியாது. ஒருமுறை பித்தளைப் பூண் மினுங்கிய ஒரு உளியைத் தானே வாங்கி வந்தான். ஏர்க்காலில் பாதித் துளையில் அதன் வாய் பல்லைப்போலக் கொட்டிப்போயிற்று. அன்று முதல் சந்தையில் அவனுக்குப் பொறுக்கக் கொடுத்திருக்கிற அதிகாரம் வெற்றிலையோடு சரி.

அவள் மெச்சுகிற கொல்லன் ஒருவன்தான். பெயர் அந்தோணிமுத்து. கிழக்கே மாதாகோயிலை ஒட்டிய வேதக்காரர் குடியிருப்பில் உலை வைத்திருக்கிறான். மலையில் பாறை துளைத்துத் தேய்ந்துபோய்க் கழித்துவிட்ட எஃகுக் கம்பிகளை ஏலத்தில் எடுத்து உளி அடிக்கிறான். "மலையவே தின்னுட்டு வந்த இரும்பு. எங்க வீட்டு மஞ்சணத்திக் கட்டையத் திங்காதா?" என்று மாயக்காள் தானே அடித்த மாதிரிப் பேசுவாள்.

ஒரே ஒரு சங்கடம். சந்தை கூடுவது சனிக்கிழமை. சனிக்கிழமை அவள் இரும்பு வாங்கமாட்டாள். அவள் மாமனார் ஒரு சனிக்கிழமை கோடாலி வாங்கி வந்தார். மறுவாரம் வண்டியின் இடப்பக்கத்துக் காளை படுத்தது, எழவில்லை. அதனால் அவள் சனிக்கிழமை பொறுக்கி ஒதுக்கி வைத்துவிட்டு வருவாள். அந்தோணிமுத்து திங்கட்கிழமை பொழுது ஏறியதும் அவள் ஊர் வழியாகக் கூடலூர்ச் சாலைக்குச் சரக்குக் கொண்டுபோகும்போது காசு கொடுத்து எடுத்துக்கொள்வாள். இத்தனை காலமும் இந்த ஏற்பாடு குறையில்லாமல் நடந்தது.

போன மாதம் வெள்ளிக்கிழமையன்று வண்டியின் நுகத்தடி பிளந்துவிட்டது. புது நுகத்துக்கு மஞ்சணத்திக் கட்டை தயாராக இருந்தது. அதில் காளையின் கழுத்துக்கயிறு மாட்டும் பூட்டாங்குச்சிக்குத் துளை போட வேண்டிய உளியோ தேய்ந்து முறிந்து கிடந்தது. வண்டிகளை அமர்த்துகிற மேஸ்திரி மலைச்சாமி சொல்லியனுப்பியிருந்தார்: திங்கட்கிழமை விடியலில் கூடலூர்ச் சாலையில் வரிசை நிற்கும், அந்த வரிசையில் நிற்கிற வண்டிக்குத்தான் மழை இறங்குகிறவரை சுமை. நிற்காத வண்டிக்கு இந்தப் பருவம் அவ்வளவுதான். அந்தப் பருவத்துக் கூலியை நம்பித்தான் இரண்டாவது வண்டி வாங்கும் யோசனையே.

சனிக்கிழமை அந்தோணிமுத்துவின் சாக்கில் ஒரு உளி கணுவைக் கடித்துக்கொண்டு நின்றது. மாயக்காள் முகத்தில் சிரிப்பு வந்தது. அப்புறம் கிழமை ஞாபகம் வந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க ஆத்தா. வண்டி நின்னு போயிருமே" என்றான் அந்தோணிமுத்து.

"சனிக்கெழம இரும்பத் தூக்கிக் கையில குடுக்கியே, நீ எனக்கு ஒறவா, சனிக்கு ஒறவா? நாளைக்கு வாரேன், காசு தாரேன்."

"நாளைக்கு நான் விக்கமாட்டேன். ஞாயித்துக்கெழம. போன தவக்காலத்துல ஒரு ஏர்க்கொழு வித்ததுக்கே சாமியாரு என்னய முழங்கால் போட வச்சுட்டாக."

"ஒரு உளிதானலே?"

"ஒரு சனிதான ஆத்தா?"

பக்கத்து வெங்காயக்காரன் சிரித்துவிட்டான். மாயக்காள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வெங்காயத்தைப் பார்த்தான்.

அந்தோணிமுத்துவே ஒரு வழி சொன்னான். "நாளைக்கு விக்கத்தான் கூடாது. இரவல் குடுக்கலாம். வந்து கேளுங்க, தாரேன்."

உளியைச் சாக்கில் போட்டுவிட்டு எழுந்தாள் மாயக்காள். "இரவல் உளியில வேல செஞ்ச வீடில்லலே எங்க வீடு. எங்கிட்ட இரவலுக்கு வந்து நிக்காத ஆளு ஊருக்குள்ள யாரு இருக்கா, எண்ணிச் சொல்லு!"

உண்மைதான். அவள் வாச்சி போகாத வீடு அந்தத் தெருவில் இல்லை. வாச்சியோடு கூடவே அவள் வசவும் போகும்: "சாமான் வாங்கத் தெரியாதவளுக்கெல்லாம் வண்டி எதுக்கு?" அந்த வசவை நிறைய வாங்கியவள் அடுத்த வீட்டுச் சந்தனம்மாள். அன்று சாயங்காலம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மதினி, எங்க வீட்டுப் பூண் போட்ட உளிய வேணா தரட்டுமா?" என்று அவள் தேனொழுகக் கேட்டாள். மாயக்காள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மாடுகள் அப்போதுதான் குடித்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒச்சாண்டி மஞ்சணத்திக் கட்டையைச் செதுக்கி வழவழவென்று ஆக்கி, துளை வரவேண்டிய இடங்களில் கரிக்கோடு போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் ஏதாவது பேசியிருந்தால் அவள் சண்டை போட்டுப் பொழுதைக் கழித்திருப்பாள். அவன் சும்மா இருந்ததுதான் அவளைக் கிளப்பிற்று.

வேதக்காரர் குடியிருப்பில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தோணிமுத்து வெள்ளை வேட்டி கட்டி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உலையில் நெருப்பில்லை.

"என்ன ஆத்தா, இம்புட்டுத் தூரம்?"

"சும்மாதான். இங்கன மழை கிழை உண்டா?"

"உங்க ஊருல பெய்யாத மழை இங்கன மட்டும் பெய்யுமா?"

அவனுடைய கோழிகளை விசாரித்தாள். கோழிகள் நன்றாக இருந்தன. கிணற்றை விசாரித்தாள். அதுவும் நன்றாக இருந்தது. வெயில் மரத்தின் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டது. துளை போட ஒச்சாண்டிக்குப் பாதிப் பகலாவது வேண்டும்.

"அந்தோணி" என்றாள். முகம் தென்னைமரத்தைப் பார்த்து இருந்தது. "அந்த உளிய ஒரு பொழுதுக்கு இரவல் குடு."

அவன் கேலி பேசவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து, இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாதென்று தரையில் வைத்தான். "எடுத்துக்கங்க ஆத்தா."

எடுத்து மடியில் செருகிக்கொண்டு பத்தடி போனவள் திரும்பினாள். "ஏலே, இத ஊருக்குள்ள சொன்ன, அப்புறம் ஒன் உளிய ஒருத்தரும் தொடமாட்டாக!"

அந்தி சாய்வதற்குள் துளைகள் விழுந்தன. ஓரம் பிசிறில்லாமல், வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி. பூட்டாங்குச்சிகள் இறுகி உட்கார்ந்தன.

திங்கட்கிழமை விடியலில் கூடலூர்ச் சாலையில் வண்டிகள் அணிவகுத்து நின்றன. மலைச்சாமி மேஸ்திரி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒச்சாண்டியின் வண்டிக்கு வந்ததும் புது நுகத்தைக் கண்டு நின்றார். இரண்டு கையாலும் அதைப் பிடித்து, காலை மடக்கி, தன் முழு எடையோடும் தொங்கினார். காளைகள் கழுத்தைச் சிலிர்த்தன. நுகம் முனகக்கூட இல்லை. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

"எறக்கத்துல தாங்குற நொகம். முன்னால போடு இந்த வண்டிய."

சலங்கைகள் நகர்ந்தன. ஒச்சாண்டி திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். முன்னால் போகிற வண்டிக்குப் புழுதி கிடையாது. மலை நீலமாக எதிரே நின்றது.

வரிசை போய்ப் பொழுது ஏறியபின் சாலையோரத்தில் அந்தோணிமுத்து சாக்கு விரித்துக்கொண்டிருந்தான். மாயக்காள் எண்ணெய் தடவித் துடைத்துக் கொண்டுவந்திருந்த உளியை அவன் முன்னால் வைத்தாள்.

"வீட்டுலயே வச்சுக்கங்க ஆத்தா. காச அப்புறம் பாப்போம்."

"இரவல் தீந்துச்சுலே. மொதல்ல ஒன் சாக்குல எடுத்து வை."

அவன் எடுத்து மற்ற உளிகளோடு வைத்தான். மாயக்காள் சேலையைச் சுருட்டிக்கொண்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இது என்ன வெல?"

அவன் சொன்னான். அவள் அந்த உளியை ஒற்றை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓரக்கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, அடுத்ததை எடுத்துப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.