கண்டலுக்குப் பின்னால் இடம் கேட்ட யோகன்

யோகநாதன் இறந்துவிட்டார். நேற்று மாலை, பதுளை ஆஸ்பத்திரியில்... நெஞ்சு வலிக்கிறது என்று சேர்த்த அன்றே.

அவருடைய தங்கச்சி சாந்திதான் போன் செய்தாள். அழுது ஓய்ந்த குரல். "மிஸ், லயத்துக்கு வராதீங்க. அண்ணன ஸ்கூல்லதான் வச்சிருக்கோம்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

இங்கே இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. ஃபேஸ்புக்கில் அவர் இல்லை. கிழக்குக் கரையோரத்தில் ஓர் ஆய்வு வேலையில் சில வருடங்கள் என்னோடு இருந்தவர்.

கடல் மட்டம் உயர்ந்தால், புயல் அதிகமானால், உப்புச் சேற்றில் வளரும் எந்தக் கண்டல் காடு, கடலோடு சேரும் எந்தக் களப்பு, எந்த மணல்மேடு முதலில் அடிபடும் என்று பார்த்துத் தரம் போடும் வேலை. குறைவு, நடுத்தரம், அதிகம். ஒரு காட்டை மூன்று சொற்களுக்குள் அடைப்பதில் எனக்கு அன்றும் பெரிய நம்பிக்கை இல்லை.

அந்த டீமில் மலையிலிருந்து போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பசறை. அவர் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கேம்பஸ் போய், பதுளையில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தவர்.

திங்கட்கிழமைகளில் பதுளையிலேயே பஸ் நிறைந்துவிடும். நான் பசறையில் ஏறும்போது ஜன்னலோர சீட்டில் அவருடைய குடை படுத்திருக்கும். ஒருமுறை பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "யாருக்கு தம்பி, சம்சாரத்துக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்க, அதுக்கும் மேல... ஆபீஸ் மிஸ்ஸுக்கு" என்றாராம். இதை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மொனராகலை தாண்டிய பிறகு சிரித்தேன்.

முதல் நாள் களப்போரத்தில் இறங்கி நின்று நாலா பக்கமும் பார்த்தார். "என்ன மிஸ் இது, ஏறவும் எடமில்ல, எறங்கவும் எடமில்ல. தண்ணி வந்தா இவங்க எங்க போய் நிப்பாங்க?"

எங்கள் கேள்விப் படிவத்தில் 'இசைவாக்கத் திறன்' என்று ஒரு பகுதி இருந்தது, மாறும் நிலைமைக்கு ஏற்பத் தாங்களும் மாறிக்கொள்ள வழி உண்டா என்று கேட்பது. கொழும்பில் யாரோ மொழிபெயர்த்தது. அதைக் கேட்டால் மீனவக் குடும்பத்தினர் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். யோகன் அதை மூடி வைத்துவிட்டு, "பின்னுக்குப் போக எடம் இருக்குங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து, "எங்களுக்கா மனே, கண்டலுக்கா?" என்றார்.

யோகன் திரும்பி வரும் வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் கேட்டது சரியான கேள்விதான். கடல் ஏறி வந்தால் கண்டல் மெதுவாக உள்ளே நகர்ந்துவிடும்... பின்னால் வெறும் நிலம் இருந்தால். அங்கே ஒரு காட்டுக்குப் பின்னால் ஹோட்டல் கட்ட மதில் எழும்பிக்கொண்டிருந்தது.

தரம் போடும் கூட்டத்தில் அந்தக் காட்டுக்கு 'நடுத்தரம்' என்று முடிவாகும் நிலையில் இருந்தது. மரங்கள் அடர்த்தி, நல்ல ஆரோக்கியம், பயமில்லை என்றார் எங்கள் தலைவர். எனக்குமே அது நியாயமாகத்தான் பட்டது.

கூட்டங்களில் வாய் திறக்காத யோகன் அன்று எழுந்து நின்றார்.

"சேர், எங்க லயத்துக்குப் பின்னால மலை. முன்னால தேயில. மண்ணு அசைஞ்சா எங்க போறதுன்னு நாங்க கேட்டா, லயம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொல்வாங்க. இதுவும் அப்படித்தான் இருக்கு."

பிறகு தலைவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துத் திருத்தினார். அறிக்கையில் 'அதிகம்' என்று போனது.

ஆனாலும் மதில் எழும்புவது நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் தன் லயத்தைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. போன வருட மழையில் லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, ஆபத்து, இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எல்லோரும் தோட்டத்து ஸ்கூலுக்குப் போனார்கள். மழை விட்டதும் திரும்பி வந்தார்கள். வேறு வீடு கட்டக் காணி கிடைக்கவில்லை... வேறு எங்கே போவது. தோட்டத்துக்குள் அம்மாவுக்குக் கொஞ்சம் சமதரை கேட்டு யோகன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போனில் சொன்னார்.

"நம்ம வேலை என்னான்னு அம்மாகிட்ட வெளக்கிச் சொன்னேன் மிஸ். எல்லாத்தையும் கேட்டுட்டு, அப்ப நான் என்ன தரம்டான்னு கேக்குறாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நடுத்தரம்னு சொல்லி வச்சிருக்கேன். பயந்துருவாங்க."

இந்த வாரம் மறுபடி மழை. மறுபடி எல்லோரும் ஸ்கூலில். வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கி அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். சாந்தி சொன்னாள்.

காலையில் மடுல்சீமை பஸ்ஸில் வருகிறேன், யோகன்.

பசறையில் ஏறும்போது நிறைந்துதான் இருக்கும்... பரவாயில்லை. நின்றுகொண்டே வருகிறேன்.