குட்டிகள் இல்லாத கரை

புயல் எச்சரிக்கை விட்டிருந்த ஒரு நாள். நண்பகலிலேயே விளக்குப் போடும்படி இருட்டியிருந்தது மாமல்லபுரம். காற்று இல்லை. மழையும் இல்லை. வானம் மட்டும் அழுக்கு ஈயமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது.

எதிர் ஃபிளாட் பத்மநாபன். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மேனேஜர். கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து — மெல்ல, மிக மெல்ல — சுரண்டும் சத்தம்.

"சார், மீனவர் குப்பம் வரைக்கும் துணைக்கு வரீங்களா? பொழுதே ஒரு மாதிரி இருக்கு…"

அவர் வீட்டுப் பூனை மறுபடியும் குட்டி போட்டிருந்தது. மூன்று. பால் மறக்கும் வயது.

"போன வருஷமும் அங்கதான் விட்டேன். மீன் இருக்குல்ல? ராஜாவாட்டம் பொழைச்சுக்கும்."

"பூனைக்கு ஆபரேஷன் பண்ணிடலாமே?"

"வசந்தா ஒத்துக்கணுமே! பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. புள்ளத்தாச்சி இருக்கற வீட்ல, வாயில்லா ஜீவனோட கர்ப்பப்பையை எடுக்கறதாங்கறா."

அவர் மனைவி சொன்னதற்கு நானும் தலையாட்டினேன். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இருக்கும் வீட்டில் தேங்காய் உடைக்கக்கூட யோசிக்கிறவர்கள் நாம். ஆனால், குட்டிகளைப் பெட்டியில் போட்டுக் கரையில் விட்டுவரலாம். அதில் ரத்தம் இல்லையே… நம் கண்ணில் படுகிற ரத்தம்!

கரையில் படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பல நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. மீன் வாடைகூட இல்லை. படகு விளிம்புகளில், சுருட்டிய வலைகளின் மேல், ஈர மணலில் — பூனைகள். எங்கே பார்த்தாலும் பூனைகள். எல்லாம் ஒரே திசையில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அலை சத்தமில்லாமல் வந்து மணலை நக்கிவிட்டுப் போனது.



வலைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்தாள். நான் வழக்கமாக மீன் வாங்குவது அவளிடம்தான்.

"இன்னா சார் பொட்டியில? பூனையா?"

பத்மநாபன் அசடு வழிந்தார்.

"வா, வா! அல்லாரும் சீர்வரிசை மாதிரி கொண்டாந்து எறக்கிகினு கீறீங்க. நாங்களே நாஸ்தா இல்லாம குந்திகினு கீறோம். நீயே கடல்ல போயி புட்ச்சாந்து போடு நைனா!"

பிறகு குரலைத் தணித்தாள்.

"வூட்டாண்ட எலி பேஜாரு சார். ஒண்ணு குடு. கடுவனா பாத்து குடு. பொட்டை வாணாம்… அப்பறம் நான் பொட்டிய தூக்கிகினு உன் வூட்டாண்ட வரணும்."

பத்மநாபன் காதில் அது விழவில்லை. படகுகளுக்கு இடையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். போன வருடம் விட்டதில் ஒன்றுக்கு வால் நுனி மட்டும் வெள்ளையாம். திடீரென நின்றார்.

"சார்… குட்டிங்க எங்க?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். இத்தனை பூனைகளில் கையளவு குட்டி ஒன்றுகூட இல்லை. ஊரே கொண்டுவந்து விடுகிறது. இவையும் ஈனுகின்றன. அப்புறம்?

"குட்டியா?" தேசம்மா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "ராவுல கத்தும். காத்தால கத்தாது. நாயி கீது, கடுவன் கீது… யாரு காவ காக்குறது?"

பத்மநாபன் உதடு குவித்து ஒரு சத்தம் எழுப்பினார். "த்சொ… த்சொ…" — வசந்தா பூனைக்குச் சோறு வைக்கும்போது கூப்பிடும் சத்தம். கடலைப் பார்த்திருந்த தலைகளில் ஒன்றே ஒன்று திரும்பியது. வால் நுனி வெள்ளை.

எலும்பும் தோலுமான உடம்பு. வயிறு மட்டும் கனத்துத் தொங்கியது. கிட்ட வந்தது. பெட்டியை முகர்ந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது — அன்பா, கோபமா? இரண்டுமில்லை. எங்கோ கண்ட முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயலும் பார்வை. அவர் கை நீட்டியதும் பின்வாங்கி, படகுகளுக்குள் மறைந்துவிட்டது.

பெட்டியை அவரால் கீழே வைக்க முடியவில்லை. வைத்திருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று எழுத ஆசைதான். அன்று நானும் வேடிக்கைதான் பார்த்தேன்.

திரும்பி வந்த பெட்டியைப் பார்த்து வசந்தா முகம் சுளித்தார். பத்மநாபன் நடந்ததைச் சொன்னார். வசந்தா வாய் திறக்குமுன் மகள் சொன்னாள்: "அம்மா, இனிமே என் வயித்தைக் காரணம் காட்டாத. பூனையை நானே கூட்டிட்டுப் போறேன்."

போனாள். நிறைமாத வயிற்றோடு, காரில் பக்கத்து சீட்டில் பூனைக்கூடையை வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு கால்நடை டாக்டரிடம். எங்கள் ஃபிளாட்ஸே பால்கனியில் நின்று பார்த்தது, ஏதோ நடக்கப்போகிறது என்பதைப்போல.

என்ன நடந்தது? பூனைக்குத் தையல் ஆறியது. பத்மநாபனுக்குப் பேரன் பிறந்தான். அவ்வளவுதான். கடுவன் குட்டி தேசம்மா வீட்டில் எலி பிடிக்கப் பழகுகிறது. மற்ற இரண்டும் என் வீட்டில். வளர்ந்ததும் அவற்றுக்கும் டாக்டர்தான்.

ஆனால், அந்த வெள்ளை வால்?

அதைப் பிடிக்க ஞாயிறுதோறும் நானும் பத்மநாபனும் பொறிக்கூண்டு எடுத்துக்கொண்டு போனோம். வாளை மீன் வைத்தோம், கருவாடு வைத்தோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு மட்டும் வாராவாரம் பெருத்து இறங்கிக்கொண்டே வந்தது.

போன ஞாயிறு வயிறு ஒட்டியிருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. தேசம்மாவைப் பார்த்தோம். "அல்லாம் பூடுச்சி சார்" என்று கையை விரித்தாள்.

அன்றைக்குக் கூண்டுக்குள் மீன் வைக்கவில்லை. என் வீட்டுக் குட்டிகள் படுத்திருந்த பழைய துண்டை வைத்தோம். வந்தாள். முகர்ந்தாள். தொண்டைக்குள்ளே சன்னமாகக் கூப்பிட்டாள். துண்டைக் காலால் புரட்டியபடியே உள்ளே போனாள். கதவு விழுந்தது.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி அவள் எந்தக் குட்டியையும் தேட வேண்டாம்.