பானுமதி கழற்ற மறுத்த புகைக்கூண்டு

விருத்தாசலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள் பானுமதி. வேலை நிரந்தரமில்லை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். பெற்றோர் செராமிக் பொம்மைக்கு அச்சு வார்ப்பவர்கள். பாடம் நடத்தியபடியே அவள் முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தாள்.

ஆய்வு பல்லேடியம் என்ற உலோகத்தைப் பற்றியது. மருந்துத் தயாரிப்பில் வினையை வேகப்படுத்த அதை நுண்துகள்களாக்கிச் சேர்ப்பார்கள். சும்மா விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, அடியில் படிந்து வீணாகிவிடும். ஒட்டாமலிருக்கப் பெரும்பாலும் அமோனியம் உப்பைப் போடுவார்கள். சூடு ஏறினால் அது சிதையும், பாஸ்போனியம் உப்பு தாங்கும் என்பது பானுமதியின் வாதம்.

அந்த உப்பைத் தயாரிக்கப் பாஸ்பீன் வகைத் திரவம் ஒன்று வேண்டும். அழுகிய பூண்டைப் போல நாறும். கல்லூரி ஆய்வகத்தில் முதல் முறை குப்பியைத் திறந்ததுமே மாடி முழுக்கப் பரவிவிட்டது. துறைத்தலைவர் குருமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? எல்லாரும் செய்ற அமோனியத்தையே செஞ்சி பட்டத்த வாங்கிட்டுப் போவியா, உனக்கு ஏன் இந்த வேலை?"

"நாத்தம் வந்தது தப்புதான் சார். புகைக்கூண்டு கேட்டு ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேன். வாங்கிக் குடுங்க."

"காசு ஒதுக்கல. இனிமே அந்த பாட்டில இங்க திறக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே அவள் சித்தப்பா மகன் கொளஞ்சிநாதனைப் பார்க்கப் போனாள். அவன் செராமிக் கம்பெனி ஒன்றில் சூளை பார்க்கிறவன்.

"அண்ணே, உள்ள வர்ற நாத்தத்த இழுத்து கூரைக்கு மேல தள்ற மாதிரி ஒரு பெட்டி வேணும்."

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கிற? சூளையில கழட்டிப் போட்ட காத்து இழுக்கிற ப்ளோயர் ஒண்ணு கெடக்குது. மொதலாளிகிட்ட கேட்டு எடுத்தாரேன்."

விடுமுறை நாளில் இருவருமாக ஆய்வகத்திலேயே செய்து வைத்தார்கள். உள்ளே வெள்ளை டைல்ஸ், முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடி, மொட்டை மாடியில் ப்ளோயர். ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் பார்த்தாள். புகை ஒரு இழைகூட வெளியே வரவில்லை.

மறுநாள் குருமூர்த்தி கத்தினார். "யாரக் கேட்டு வெச்ச? கழட்டு!"

"நான் கழட்ட மாட்டேன் சார். புள்ளைங்களும் இத்தன வருஷமா இங்க ஆசிட் புகைய சுவாசிச்சிட்டுதான் இருக்குதுங்க. வேணும்னா நீங்க ஆள் வெச்சி கழட்டுங்க. ஏன்னு அதுங்க கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'அகற்ற இயலாது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கழற்ற யாரும் வரவில்லை.

கூண்டுக்குள் உப்பு தயாரானது. பல்லேடியம் துகள்களோடு ஒன்றில் அமோனியம் உப்பும் இன்னொன்றில் புது உப்புமாக இரண்டு குடுவைகளை ஒரே சூட்டில் வைத்தாள். மதியத்துக்குள் அமோனியக் குடுவையின் அடியில் கரிபோலப் படிந்துவிட்டது. மற்றது டிகாக்ஷன் நிறத்தில் அப்படியே நின்றது. திரும்பத் திரும்ப வினைக்குப் பயன்படுத்தினாள், துகள்கள் ஒட்டவில்லை. அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

பட்டம் கிடைத்தது. சம்பளம் ஏறவில்லை. மாணவர்கள் இப்போது ஆசிட் சோதனைகளை அந்தக் கூண்டில்தான் செய்கிறார்கள்.

இந்த ஆண்டு வேலையைப் புதுப்பிக்கும் காகிதத்தை வைத்துக்கொண்டு குருமூர்த்தி கேட்டார்: "இனிமேயாவது சொன்னபடி கேப்பியா?"

"சரியானத சொன்னீங்கன்னா கேப்பேன் சார்."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பானுமதி காகிதத்தை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.