ஒரு டேங்கில் போய்த் திரும்புதல்

நேற்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் ஜெட் விமானம் ஓட்டிக்கொண்டு வந்தாள். உயரம் ஏற ஏற இயந்திரத்தின் உந்துவிசை எண் இறங்கிக்கொண்டே போனது. பயந்துபோய் விமானத்தைத் தாழ இறக்கினாள். “இறக்காதீங்கம்மா!” என்று வாய்வரை வந்துவிட்டது. முன்பின் தெரியாத நரைத்த ஆள் அப்படிக் கத்தினால் இருக்கை மாறியிருப்பாள். வாயை அடக்கிக்கொண்டேன்; மனசு அதற்குள் இலங்கையில், பதுளைக் கடைவீதியில் இறங்கிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். கூட்டாளி நிஸாமின் வாப்பாவுக்கு அங்கே புடவைக்கடை. அவனுடைய நானா, மூத்த அண்ணன், சவூதியிலிருந்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். கடையிலிருந்த டிவியில் மாட்டிக் கேசட்டைப் போட்டால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஐந்து நிமிடம் கத்தும். பிறகு விமானம் வரும். விமானம் என்ன விமானம், நாலு கோடும் கீழே சில எண்களும்: உயரம், வேகம், உந்துவிசை, எண்ணெய். கடலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஓடுபாதைகள். ஒன்றுக்குப் பதுளை என்றும் மற்றதற்கு அக்கரை என்றும் பெயர் வைத்திருந்தோம்.

புதுச்சேலையின் கஞ்சி வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் அங்கே கலந்து கிடக்கும். கஞ்சி வாசனை என்றால் எனக்குப் பாக்கியம் அக்காதான். என் கூடப்பிறந்தவள், நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, அத்தான் குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அன்றிலிருந்து என்னிடம் ஒரே கேள்வி.

“போனா திரும்பி வர முடியுமாடா? நீ படிச்சவன்தானே, சொல்லு.”

படித்தவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அவள் பயணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, “போய்ட்டு வர்றது எப்பிடின்னு காட்டுறேன் வாக்கா” என்று டிவி முன்னால் உட்காரவைத்தேன். என்ன துணிச்சல்! அதுவரை ஒரு தடவைகூட நான் ஒரே டேங்க் எண்ணெயில் அக்கரை போய்த் திரும்பியதில்லை. பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து கடலில்தான்.

காரணம் என் புத்தி. பசறையிலிருந்து மேலே ஏறும் தோட்டத்து லொறி, முதல் கியரில் முக்கி முனகி டீசல் குடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். உயரம் என்றால் செலவு. ஆகவே அலையைத் தொடுகிற மாதிரியே பறந்தேன்.

அக்கா எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எண்ணெய் இப்பிடிக் கொறையுதே, மேல போயேன்டா.”

“மேல காத்து மெலிசுக்கா. இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். பாரு, ஏத்துனா தள்ளுற பலம் எறங்குது.”

“அது எறங்கட்டும். எண்ணெய் மெதுவாத்தானே எறங்குது? ஏறுறதுதான்டா பாடு. மேல் மலைக்குப் போயிட்டா நாங்க கூடையோட ஓடமாட்டமா?”

“பெரிய பைலட்! அக்கா சொல்றதக் கேளு மச்சான்” என்றான் நிஸாம்.

ரோஷத்தில் ஏற்றினேன். உந்துவிசை பாதியாய்ப் போனது, வேகம் போகவில்லை. மெலிந்த காற்றில் இயந்திரம் குறைவாகத்தான் தள்ளும், குறைவாகத்தான் குடிக்கும். எதிர்த்து நிற்கிற காற்றும் மெலிந்ததுதானே! இதெல்லாம் பிற்பாடு புத்தகத்தில் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது, விமானம் கடலைத் தாண்டிப் பதுளைக்கே திரும்பி வந்து நின்றது மட்டும். நிஸாம் போட்ட சத்தத்தில் அவன் வாப்பா, “யாவாரமாடா நடக்குது, சர்க்கஸா?” என்று அதட்டினார்.

அக்கா கை தட்டவில்லை. “வந்திருச்சுல்ல?” என்றாள்.

“வந்திருச்சுக்கா.”

எழுந்துபோய், எடுத்து வைத்திருந்த இரண்டு சேலையில் பச்சையைத் திருப்பிக் கொடுத்தாள். “இது இருக்கட்டும் மொதலாளி. திரும்பி வந்து எடுத்துக்கிறேன்.”

அடுத்த வாரம் ரயில், எங்கள் வாயில் கோச்சி, ஏறினாள்; தலைமன்னார்த் துறையில் இறங்கினால் இந்தியாவுக்குக் கப்பல். பிளாட்பாரமே கட்டிப்பிடித்து அழுதது, அவள்மட்டும் அழவில்லை. அதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் மலை, அங்கேயும் கொழுந்து. “கப்பல் நின்னு போச்சுன்னு சொல்றாங்க. மறுபடி எப்ப ஓடும்னு விசாரிச்சு எழுது.” சீக்கிரம் ஓடும் என்று எழுதினேன். அடுத்த கடிதத்துக்கும் அதையே எழுதினேன். போர் வந்து, தலைமன்னாருக்கு ஆளேற்றிப்போன கோச்சியும் நின்றது, அந்தத் துறையும் துருப்பிடித்தது. நான் ‘சீக்கிரம்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன், எப்போது என்று கேட்க அங்கே ஆள் இல்லாமல் போகும்வரை.