நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்

நகராட்சி அலுவலகத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு அனுமதி மனு வாங்கும் எழுத்தர் அவள். ஐந்நூறு பேர் கூடினால் இரண்டாவது வாசலும் ஆம்புலன்சும் கட்டாயம் என்பது விதி. அதனால் வருகிறவர்களெல்லாம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றே எழுதித் தொலைப்பார்கள். பதினாறு வருடமாக அவளும் கண்டும் காணாமல் முத்திரை குத்தினாள்.

இப்போது அந்த எண்ணைப் பார்த்தாலே மனுவை வந்த வேகத்தில் திருப்பித் தள்ளுகிறாள்.

"என்னம்மா, ஊரே இப்படித்தானே எழுதுது?" என்றார் நேற்று வந்த மேடைக்காரர்.

"என் தம்பியும் எழுதினான். போன வருஷம் கூட்டம் முண்டியடிச்சப்ப அந்த ஒத்தை வாசல்லயே மிதிபட்டுச் செத்தான்."

மேடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லலியா?"

"சொன்னேன். அந்த நம்பரை எழுதச் சொன்னதே நான்தான்."