தாடைக்குப் போட்ட ஊசி

நிச்சயம் முடிந்து பத்தாம் நாள் மாப்பிள்ளை போன் செய்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. போட்டோவுல உங்க தாடைக்குக் கீழ சதை தொங்குதுங்க. ஆல்பம் பாத்தவங்க எல்லாருமே சொல்றாங்க. கல்யாணத்துக்குள்ள கொறைச்சுருவீங்களா?"

அவருக்கு ராசிபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எதையும் கழற்றி மாற்றிவிடலாம் என்று நினைக்கிற பழக்கம். நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு இருபத்தொன்பது வயது, தட்டிப்போன வரன்கள் ஏழு. இதுவும் போனால் அம்மா தாங்கமாட்டாள். "சரிங்க" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

2000-களின் கடைசி அது. சேலத்தில் தெருவுக்குத் தெரு உடம்பைக் குறைக்கும் கிளினிக்குகள். பேப்பருக்குள் வைத்து வந்த நோட்டீஸ் ஒன்றில், கத்தி வேண்டாம், ஊசி போட்டாலே கொழுப்பு கரைந்துவிடும் என்று போட்டிருந்தது. மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிற டீச்சர் நான், அதை அப்படியே நம்பினேன். ட்ரெயினிங் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் என்று உட்கார்ந்திருந்தவரின் தொப்பை, மேஜை விளிம்பில் ஏறிப் படுத்திருந்தது. 'ஏன் சார், இந்த ஊசியை நீங்க போட்டுக்கிறதில்லையா?' என்று கேட்க நுனிநாக்கு வரை வந்தது. "ரெண்டே சிட்டிங் மேடம், செதுக்கின மாதிரி ஆயிடும்" என்றார். தாடைக்கு அடியில் கோலத்துக்கு வைப்பது போலப் பேனாவால் புள்ளி வைத்தார். புள்ளிக்கு ஒரு குத்து. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"லேசா வீங்கும், தானா வடிஞ்சிடும்."

லேசாவாம்! ஊருக்குத் திரும்பும் பஸ் மலைப்பாதையின் எழுபது வளைவையும் முடிப்பதற்குள் எனக்குக் கழுத்து எது, தாடை எது என்று தெரியவில்லை.

காலையில் அம்மா பார்த்துவிட்டு அலறினாள். "அய்யோ சாமி, பொன்னுக்கு வீங்கியில்ல வந்திருக்குது!" என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு அப்போது அந்த அம்மை வந்திருந்தது, அதனால் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தங்கம் போட்டால் அந்த வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை அப்பினாள். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். எப்படி நிஜத்தைச் சொல்வது? கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள், கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை பைக்கில் வந்தார். வாசலில் கால் வைத்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"பொன்னுக்கு வீங்கிங்க மாப்ள. நாலு நாள்ல போயிரும், உள்ள வாங்க" என்றாள் அம்மா.

மனுஷன் துள்ளிப் பின்வாங்கி கர்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டார். "ஐயோ, ஆம்பளைங்களுக்கு வந்தா கொழந்தயே பொறக்காதும்பாங்களே! கல்யாணத்த... யோசிச்சுத்தாங்க சொல்லணும்."

வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

ஊசி என்று நான் சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும். நீங்கள் சொன்னதற்காகத்தான் போட்டேன் என்றால் சந்தோஷமாக உள்ளே வந்து காபி குடிப்பான். அடுத்த சிட்டிங் எப்போது என்றுகூடக் கேட்பான். அதற்கப்புறம் இடுப்பு, தோள்பட்டை என்று ஆயுசுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். தூ!

"ஏனுங்க, நீங்க டீச்சர்தானே. இது தொத்துங்களா?" கர்சீப்புக்குள்ளிருந்து கேட்டான்.

நான் எழுந்து வாசல் வரை போய் அவன் முகத்துக்கு நேராக நின்றேன்.

"நல்லாத் தொத்துமுங்க" என்றேன்.