யோகேந்திரனின் தோசைக்கல்

சுங்கைப் பட்டாணியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேற்றைத் தேடிப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். வாரம் முழுக்க மோட்டார் சாமான் கடைக் கவுண்டரில் நின்று சங்கிலியும் பிளக்கும் விற்கிறவன், ஞாயிறு வந்தால் என் சொந்தச் சங்கிலியில் சேற்றைப் பூசிக்கொண்டு வீடு திரும்புகிறேன். இதற்காக என் மனைவி எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஆனால் இது யோகேந்திரனின் கதை. தொழிற்சாலையில் டெக்னீஷியன். பையில் பெயர் தைத்த நீலச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, சேற்றில் ஓட்டிவிட்டு வந்த அன்றே பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வைக்கிற ஸ்க்ரேம்ளர். காட்டுப் பாதைக்கான அந்த உயரமான, முரட்டு டயர் மோட்டாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "எந்த ஊரு?" என்று யார் கேட்டாலும் "எஸ்பிதான்" என்று சுங்கைப் பட்டாணியைச் சுருக்கிச் சொல்வான். அதற்கு மேல் கேட்டால் பேச்சு டயருக்குப் போய்விடும். கெட்டவன் இல்லை. தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்துவிடுமோ என்று எந்நேரமும் பயந்துகொண்டிருந்தவன், அவ்வளவுதான்.

போன வருடம் மிஷெல் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. அவள் வாங்கிய பழைய ஸ்க்ரேம்ளரை முன்பு வைத்திருந்தவன் நெடுஞ்சாலையில் பறப்பதற்காகவே பல்சக்கரங்களை மாற்றி வைத்திருந்தான். ஒருநாள் அவளும் யோகேந்திரனும் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, மேட்டுல ஏறுறப்ப எஞ்சின் செத்துப் போகுது. கிளட்ச்சப் புடிச்சுப் புடிச்சு வெரலே வலிக்குது" என்றாள்.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். எஞ்சின் பக்கம் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைக்கலாம். இல்லையென்றால் பின்டயரில் இருக்கும் பெரியதில் மூன்று நான்கு பல் கூட்டலாம். இரண்டுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகம் குறையும், இழுவை கூடும். காட்டுக்குள் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேரும் கல்லும் கிடக்கிற மேட்டில், ஆள் நடக்கிற வேகத்தில், எஞ்சின் அணையாமல் ஏறினால் போதும். முன்னால் உள்ளதை ரொம்பச் சின்னதாக்கினால் சங்கிலி சீக்கிரம் தேயும். அதனால் பின்னால் பெரிதாகப் போட்டு, சங்கிலியையும் கொஞ்சம் நீளமாக மாற்றச் சொல்வது என் வழக்கம். கடையில் இருந்ததிலேயே பெரியதை எடுத்து வைத்தேன்.

யோகேந்திரன் அதைப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, தோசைக்கல்லா? இதப் போட்டா பாக்குறவன் கெபுன் மோட்டார்னு சொல்லுவான் லா. வேணாம் மிஷெல். ஓட்ட ஓட்டப் பழகிரும்."

கெபுன் மோட்டார் என்றால் ரப்பர் தோட்டத்துக்காரர்களின் பழைய மோட்டார். மேட்டுக் காட்டில் மூட்டை ஏற்ற வேண்டும் என்பதற்காக ஆகப் பெரிய பல்சக்கரத்தைப் பின்னால் மாட்டி வைத்திருப்பார்கள். டவுனில் அதைக் கண்டால் பையன்களுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் விற்கிறவன் சொன்னால் விற்பதற்காகச் சொல்கிறான் என்பார்கள்; அவனோ டெக்னீஷியன். மிஷெல் அவன் பேச்சைத்தான் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மெர்போக்கைத் தாண்டி ஒரு ரப்பர் மேட்டுக்குப் போனோம். அந்தப் பாதை வேண்டாம், வேறு பக்கம் போகலாம் என்று யோகேந்திரன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். யாரும் காதில் வாங்கவில்லை. முதல் நாள் மழை பெய்து மண் சோப்புப் போலக் கிடந்தது. பாதி மேட்டில் மிஷெலின் எஞ்சின் செத்தது. மோட்டார் பின்னுக்குச் சறுக்கி அவளையும் சாய்த்தது; அவள் கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. தூக்கி விடுவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சத்தம் போடாமல் அழுதாள். கார் வர வழியில்லை. எங்கள் மோட்டார்களில் பின்னால் ஆளை உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சறுக்கலில் இறங்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு கப்சாய் வந்தது. சாதாரணச் சின்ன மோட்டார், பின்னால் இரண்டு உர மூட்டை, ஓட்டி வந்தவர் வயதான மனிதர். மிஷெலைக் கவிழ்த்த அதே மேட்டில், கடைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்போல் அவசரமில்லாமல் ஏறி வந்தார். பின்டயரில் தோசைக்கல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் போட்டிருந்தது ஒரு பழைய நீலத் தொழிற்சாலைச் சட்டை. கழுத்திலிருந்து, 'குட் மார்னிங்' என்று அச்சடித்த வெள்ளைத் துண்டு நெஞ்சை மறைத்துத் தொங்கியது. அந்தச் சட்டையை நான் பொருட்படுத்தவில்லை. தோட்டத்தில் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் பழைய கம்பெனிச் சட்டையோடுதான் திரிகிறார்கள்.

அவர் மோட்டாரை நிறுத்தி எங்களைப் பார்த்தார். பிறகு யோகேந்திரனைப் பார்த்தார். முகம் மலர்ந்து வாயைத் திறந்தார்.

யோகேந்திரன் முந்திக்கொண்டான். "அங்கிள், இவங்கள கீழ ரோடு வரைக்கும் கொண்டு போய் விட முடியுமா?"

பெரியவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். "முடியுங்க தம்பி" என்றார்.

மூட்டைகளை இறக்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று சட்டையைக் கழற்றி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, மிஷெலின் கையை அதில் ஏந்திக் கழுத்தோடு கட்டினார். அழுக்குப் பக்கம் அந்தப் பெண்ணின் கையில் படக்கூடாதென்று நினைக்கிறார் போலும், நல்ல மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். வெறும் பனியனோடு, அவளைப் பின்னால் உட்காரவைத்து, பிரேக்கைத் தொடாமல் முதல் கியரிலேயே கீழே இறக்கிக்கொண்டு போனார். "தேங்க்ஸ் அங்கிள்" என்று யோகேந்திரன் பின்னாலிருந்து சொன்னான்.

எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்த வாரக் கடைசியில் நானும் யோகேந்திரனும் பழம் வாங்கிக்கொண்டு மிஷெல் வீட்டுக்குப் போனோம். தேநீர் குடித்து முடித்ததும் அவள் உள்ளே போய் அந்தச் சட்டையைக் கொண்டு வந்தாள். துவைத்து, தேய்த்து, இப்போது நேராக மடித்திருந்தது. பையின் மேல் வெள்ளை நூலில் தைத்த பெயர் மேலே தெரிந்தது. யோகேந்திரன்.

"குடுத்துருங்க. உங்களுக்குத்தான் அவரு வீடு தெரியும்" என்று அவன் மடியில் வைத்தாள்.

பிறகு ஒற்றைக் கையால் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் காதுமடல் சிவந்து, கண் தரையை விட்டு எழவில்லை. நான் ஏன் கூட வந்தேன் என்று எனக்கே ஆகிவிட்டது.

மறுநாள் கடைக்கு வந்தான். கூட்டம் போகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"எங்கப்பாண்ணே. தர்மலிங்கம். அந்த மேட்டுலதான் மரம் வெட்டுறாரு."

"தெரிஞ்சிச்சு" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"பள்ளிக்கூட பஸ்ல எம்மேல ரப்பர் கட்டிப்பால் நாத்தம் வருதுன்னு பக்கத்துல ஒக்கார மாட்டானுங்க. அப்பலேர்ந்து யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தத் தோசைக்கல்ல அவரு மோட்டார்ல மாட்டுனதே நான்தான். ரப்பர் மேட்டுல மூட்டையோட சறுக்கி விழுந்துட்டாருன்னு, செமிலிங் கடைகள்ல தேடி வாங்கி, சங்கிலி கோத்து, நானே மாட்டுனேன். மிஷெலுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சும் வேணாம்னு சொன்னேன். எப்படித் தெரியும்னு யாராச்சும் கேட்டுருவாங்களோன்னு."

கொஞ்ச நேரம் கவுண்டர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அங்கிள்னேன். அவரு கோவிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. 'முடியுங்க தம்பி'ன்னாரு. பெத்த மகனுக்கு 'ங்க' போட்டாருண்ணே. என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சட்டைய வேற திருப்பிக் கட்டியிருக்காரு. அதக் கொண்டு போய்க் குடுக்க எனக்கு முகம் இல்ல. அவமானமா இருக்கு."

எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அவமானப்படட்டும் என்றுதான் இருந்தது. பெரிய பல்சக்கரம் இரண்டு கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். ஒன்று அவன் மோட்டாருக்கு, இன்னொன்றை மிஷெலின் மோட்டாரில் அவனே போய் மாட்டினான். சங்கிலியை எவ்வளவு தளர்த்தி விடவேண்டும் என்பதைக்கூட அளவுகோல் இல்லாமல் விரலாலேயே அழுத்திப் பார்த்து வைத்தான். இப்போது அவளுடைய மோட்டார் மேட்டில் ஆடுபோல ஏறுகிறது.

கட்டுப் பிரித்து, கை தேறி, மிஷெல் மறுபடி வந்த முதல் ஞாயிறு, மெர்போக் மேட்டுக்கே போகலாம் என்று சொன்னது யோகேந்திரன்தான். அவன் முன்னால், நான் அடுத்து, மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். அவன் முதுகுப் பையில் அந்தச் சட்டை இருந்தது எனக்குத் தெரியும். மேட்டின் பாதியில், மரங்களுக்கு நடுவே பெரியவர் கோப்பைகளில் உறைந்துகிடந்த கட்டிப்பாலை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். யோகேந்திரன் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அப்பா" என்று கூப்பிட்டான். எல்லாருக்கும் கேட்கும்படிதான் கூப்பிட்டான்.

பெரியவர் நிமிர்ந்தார். எங்கள் வரிசையைக் கடைசிவரை ஒரு தடவை பார்த்தார். சாக்கைக் கீழே போட்டுவிட்டு அவசரமாக மகன் அருகில் வந்து, போட்டிருந்த இன்னொரு நீலச் சட்டையின் பையை மறைத்துத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டு குனிந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றதால் கேட்டது.

"கூட்டாளிங்க எல்லாம் பாக்குறாங்கடா. நீ போ."

யோகேந்திரன் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரை விட்டு இறங்கினான்.